பொது அச்சுப்பொறி

தமக்கே உரிய பொறி பழுதுற்றால் ஒருவர் எழுந்து சென்று பார்ப்பார். பலருக்குப் பொதுவான பொறி பழுதுற்றாலோ எவரும் எழார். ஒரே கணினி முறையைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் எமது கந்தோரில் யாம் பல்லாண்டு கண்டது இது.

அச்சிடுமாறு பணித்த பத்திரம் நேரே பொறிக்குச் செல்வதில்லை. கணினியின் வட்டில் ஓரிடத்தில் தங்கி வரிசையில் நிற்கின்றது. முன்னிற்கும் பத்திரம் தடைப்படின் பின்னிற்பனவும் நின்றுவிடும். அஃதறியாத அன்பர், தமது பத்திரம் தொலைந்ததென்றெண்ணி மீண்டும் அனுப்புவார்; பின்னும் அனுப்புவார். தடை நீங்கியதும் ஒரே கடிதம் ஐந்து பிரதிகளாக வந்து விழும். கடதாசி கந்தோருடையது என்பது அவருக்கோர் ஆறுதல் போலும்!

ஆதலின் முதலிற் செய்யத்தக்கது வரிசையைப் பார்த்தலேயாம். யூனிக்ஸ் முறையில் எல்.பி.கியூ என்னும் கட்டளை அதனைக் காட்டும், எல்.பி.ஆர்.எம். என்பது அவரவர் பத்திரத்தை நீக்கும். பிறர் பத்திரத்தை நீக்கும் அதிகாரம் பொதுவாக நிர்வாகிக்கே உரியது, அது நன்றே. சிக்கிய கடதாசியை இழுத்தெடுத்த பின்னரும் பொறி வாளாவிருத்தல் உண்டு. பிழை நேர்ந்த அச்சுப்பொறியை நிறுத்திவைக்கும் ஏற்பாடு 'கப்ஸ்' முறையில் உளது. அவ்வாறு நிறுத்தப்பட்டது மீண்டும் இயக்கப்படும்வரை அசையாது. பொறியைத் தட்டிப் பயனில்லை.

எனினும் பெருங்குறை வேறொன்று: பழுதுற்ற செய்தி காத்திருப்போருக்கு எட்டாமை. அமெரிக்காவில், மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திலே, றிச்சாட் ஸ்ரோல்மன் என்பார் இதற்கு எளிய வழி கண்டார். கடதாசி சிக்கியதும், அச்சுக்காகக் காத்திருப்போர் அனைவருக்கும் செய்தி செல்லுமாறு பழைய பொறியின் நிரலைத் திருத்தியமைத்தார். காத்திருப்பவரே கவலையுடையவர், அவருள் ஒருவரேனும் எழுந்து செல்வாரன்றோ? 1980 அளவில் செறொக்ஸ் நிறுவனத்தின் புதிய லேசர் அச்சுப்பொறி அங்கு வந்தது. அது விரைவானது, அழகாக அச்சிடுவது. ஆயின் அதன் மூலநிரல் ஆய்வுகூடத்தாருக்குக் கிடைக்கவில்லை. கடதாசி சிக்குதல் தொடர்ந்தது, அறிவித்தல் இயலாதாயிற்று. மூலநிரலை வைத்திருந்த ஒருவரை அணுகிக் கேட்டபோது, பிறருக்கு அளிப்பதில்லையென வாக்களித்தமையால் அவரும் மறுத்துவிட்டார். யாவரும் பயின்று திருத்தத்தக்க நிரல்களை ஆக்கும் குனூ திட்டத்தை ஸ்ரோல்மன் 1983 செப்டெம்பரில் அறிவித்தார். தம்மை அவ்வழியிற் செலுத்தியவற்றுள் இவ்வச்சுப்பொறியையும் அவர் எடுத்துரைப்பதுண்டு.

எமது கந்தோர்ப் பொறி இன்றும் நிர்வாகி ஒருவருக்கே பழுதை அறிவிக்கின்றது. அவர் விடுமுறையில் நிற்கும் நாளிலேதான் அது பழுதுறும். காத்திருப்போர் அனைவருக்கும் அறிவிக்குமாறு அதனை மாற்றியமைக்க, கணினி பயிலும் எம் கல்லூரி மாணாக்கர் எவரேனும் முன்வருவாராயின், கதவு திறந்தே இருக்கின்றது.