ஜன்னல், சாவி, அலமாரி... தமிழ் கற்க வந்தவருக்குப் போர்ச்சுக்கீசியம் கைகொடுத்த தரங்கம்பாடி!

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர் பயணம். வழிநெடுக வாய்க்கால், வயல், மறுபடியும் வயல். காவிரி டெல்டாவின் நெல் வயல்கள் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. கடலைப் பார்த்தபடி நிற்கும் டேனிஷ் கோட்டையில் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்புபவர்களே அதிகம். ஆனால், இந்த ஊரின் தெருக்களில் ஒரு சுவாரஸ்யமான மொழிக்கதை ஒளிந்திருக்கிறது.

தங்க ஓலையும் டென்மார்க்கும்

தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர், 1620-ல் டென்மார்க்குக்காரர்கள் இங்கே கோட்டை கட்டவும் வணிகம் செய்யவும் அனுமதி கொடுத்தார். டென்மார்க் மன்னருக்கு அவர் அனுப்பிய, தங்கத் தகட்டில் எழுதிய தமிழ் ஓலை கோபன்ஹேகனில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்கப்படும்வரை டென்மார்க் கொடிதான் இங்கே பெரும்பாலும் பறந்தது.

1706 ஜூலை 9-ம் தேதி, ஏழு மாதக் கடல் பயணம் முடித்து இரண்டு ஜெர்மானியர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. வயது சுமார் 24. இன்னொருவர் ஹென்றி புளூட்சோ. டென்மார்க் மன்னரே அனுப்பிவைத்த கிறிஸ்தவப் போதகர்கள். ஆனால், கோட்டைத் தளபதிக்கு இவர்களின் வருகை துளியும் பிடிக்கவில்லை. யாரும் வரவேற்காமல் வீதியில் நின்றவர்களுக்கு, கம்பெனி அலுவலர் ஒருவர்தான் இரக்கப்பட்டுத் தங்க இடம் பார்த்துக் கொடுத்தார்.

முதல் பாடம் தமிழ் அல்ல!

தங்க இடம் கிடைத்தாயிற்று. பேசுவது எப்படி? அந்தக் காலத்தில் சோழமண்டலக் கடற்கரைத் துறைமுகங்களின் பொது மொழி போர்ச்சுக்கீசியம். பக்கத்தில் இருக்கும் நாகப்பட்டினம் 1658 வரை போர்ச்சுக்கீசியர் கையில்தான் இருந்தது. அவர்கள் போன பிறகும் மொழி போகவில்லை. ஐரோப்பியர்கள் தங்கள் வீட்டு வேலையாட்களிடமும் உள்ளூர் வியாபாரிகளிடமும் கொச்சைப் போர்ச்சுக்கீசியத்தில்தான் பேசினார்கள். எனவே, தமிழ்நாட்டுக்கு வந்த இருவரும் முதலில் உட்கார்ந்து படித்தது போர்ச்சுக்கீசியம்!

அடுத்து தமிழ். வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை, மாணவர்களோடு தங்கள் வீட்டுக்கே வந்து பள்ளி நடத்தச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி எழுத்துகளைக் கற்றார் சீகன்பால்கு. எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. ஏனென்றால், ஆசிரியருக்குப் போர்ச்சுக்கீசியம் தெரியாது! பிறகுதான் அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளர் வந்தார். போர்ச்சுக்கீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் என ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். அவர் வந்த பிறகே தமிழ்ச் சொற்கள் பொருளோடு விளங்கத் தொடங்கின.

காலை 7 மணி வகுப்பு

தன் தினசரி அட்டவணையைக் கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார் சீகன்பால்கு. காலை 7 முதல் 8 வரை, படித்த சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. 8 முதல் 12 வரை, ஒரு முதிய புலவரையும் எழுத்தரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் நூல் வாசிப்பது. பிற்பகல் 3 முதல் 5 வரை மீண்டும் வாசிப்பு. இரவு 7 மணிக்கு மேல் கண்ணுக்கு ஓய்வு; இன்னொருவர் படிக்க, இவர் கேட்பார். பிடித்த நூலைத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்று ஆகும்வரை திரும்பத் திரும்பப் படிப்பாராம். இன்று மொபைல் ஆப்பில் மொழி கற்பவர்களுக்கும் இந்த டைம்டேபிள் பொருந்தும்!

1708-ல் திருக்குறள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் தயாரித்தார். நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதியை ஜெர்மனில் பெயர்த்தார். அதே ஆண்டு இறுதியில் தளபதியுடனான மோதல் முற்றி, சுமார் 4 மாதம் கோட்டைச் சிறையில் கிடந்தார்.

ஜெர்மனியிலும் அவருக்கு முழு ஆதரவு கிடைக்கவில்லை. மதம் பரப்ப வந்தவர்தான். ஆனாலும், தமிழர் வழிபடும் தெய்வங்களைப் பற்றி 1713-ல் விரிவாக ஒரு நூல் எழுதினார். அனுப்பியவர்களோ அதை அச்சிட விரும்பவில்லை. அந்த நூல் வெளிவந்தது 1867-ல். அவர் இறந்து 148 ஆண்டுகளுக்குப் பிறகு!

தரங்கம்பாடி அச்சகத்திலும் போர்ச்சுக்கீசியம்தான் முந்திக்கொண்டது. தமிழ் எழுத்துருக்கள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713-ல்தான் வந்தன. 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகிவிட்டது.

நம் வீட்டிலும் போர்ச்சுக்கீசியம்

இந்தக் கடற்கரையில் போர்ச்சுக்கீசியத்தை இன்று யாரும் பேசுவதில்லை. ஆனால், அது நம் வீட்டைவிட்டுப் போகவும் இல்லை. 'ஜனேலா' ஜன்னலானது. 'ஷாவி' சாவியானது. 'அர்மாரியு' அலமாரி. 'மெஸ்திரி' கட்டட வேலை பார்க்கும் மேஸ்திரி. பீப்பாய், ஏலம், துவாலை, பாதிரி, அன்னாசி எல்லாமே அந்த வழியில் வந்த சொற்கள்தான். சாளரமும் திறவுகோலும் தமிழில் இருந்தும், பேச்சில் நிலைத்தவை ஜன்னலும் சாவியும்தான்.

என்னென்ன பார்க்கலாம்?

கடல் பக்கம் முதுகைக் காட்டி ராஜ வீதிக்குள் நடந்தால், 1718-ல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் வரும். அடுத்த ஆண்டே, 36 வயதில் இறந்த அவரது கல்லறை ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. கோட்டைக்குள் அருங்காட்சியகம் உண்டு. திறந்திருக்கும் நாளை விசாரித்துவிட்டுச் செல்வது நல்லது. 1792-ல் கட்டிய நகர வாயிலையும், பாண்டியர் கால மாசிலாமணிநாதர் கோயிலையும் தவறவிடாதீர்கள். கோயிலின் முன்பகுதியைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைப் பார்க்க, வெயில் ஏறுவதற்கு முன் காலை நேரமே சரி.