தராசின் முள்ளைப் பார்ப்பவர் யார்?

பண்டிகை நாட்களில் நம் இல்லங்களில் காய்ச்சும் பாயசத்தில் ஜவ்வரிசி சேர்கிறது. அந்த வெண்மணிகள் எந்த மண்ணில் விளைந்தன, எவருடைய வியர்வையில் விளைந்தன என்று நாம் எண்ணிப் பார்ப்பதோ அரிது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் மரவள்ளி பயிராகிறது. விஞ்ஞானம், வாணிபம், அரசியல் ஆகிய மூன்றும் அக்கிழங்கின் வரலாற்றில் பின்னிக் கிடக்கின்றன. அதுபற்றி எம் உள்ளத்தில் எழுந்த சில எண்ணங்களை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. போர்த்துக்கீசியர் வழியே நம் கரையை அடைந்த அதனைத் திருவிதாங்கூரில் பரப்பியவர், 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோயிற்று. பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பவரின் துணையோடு, சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் 1943ஆம் ஆண்டில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினார். கிழங்கைத் தோலுரித்து அரைத்து, பாலைத் தெளியவைத்து, மாவைத் துணியிலிட்டுக் குலுக்கி, மணிகளாக்கி வறுத்து உலர்த்தும் எளிய முறையே அது. ஆனால் அடுத்த ஆண்டே பஞ்சம் வந்தது. ஏழைகளின் உணவான கிழங்கை ஆலைக்கு அனுப்பலாகாது எனச் சேலம் கலெக்டர் தடை விதித்தார். உற்பத்தியாளர்கள் சங்கம் அமைத்து முறையிட்டு, அத்தடையை நீக்கச் செய்தனர். பசித்தவனின் உணவு ஒருபுறம், பிறந்து ஓராண்டே ஆன தொழில் மறுபுறம். இரண்டில் எதை முன்வைப்பது என்னும் கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

பின்னர் ஆலைகள் பெருகின. ஆயினும் விலையை நிர்ணயித்தவர்கள் இடைத்தரகர்களே. அப்பிடியிலிருந்து விடுபடவே 1981ஆம் ஆண்டில் சேலத்தில் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன்மேல் முன்பணம் பெற்று, பலரும் அறிய ஏல முறையில் விற்க அது வழி செய்தது. 2023ஆம் ஆண்டில் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒன்றுபட்டோர் உயர்ந்தனர் என்பதற்கு இது நற்சான்று. எனினும் ஒன்றை மறத்தலாகாது: சேகோசர்வின் அங்கத்தினர்கள் ஆலை உடைமையாளர்கள், கிழங்கை விளைவிப்பவர் அல்லர்.

விளைவிப்பவரின் நிலை என்ன? பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கிவிடும். விலை பிடிக்கவில்லை என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு மலையேற இயலாது. எடையோடு மாவுச்சத்தின் அளவையும் பார்த்தே ஆலையில் விலை போடுகின்றனர். மாதிரிக் கிழங்கை நீரில் அமிழ்த்தி நிறுத்து அதைக் கணிப்பர். மாவு மிகுந்த கிழங்கு நீரினுள்ளும் கனக்கும். அந்த அளவுக்குப் 'பாயிண்டு' என்று பெயர். விஞ்ஞான முறையில் குறையொன்றும் இல்லை. ஆனால் பாயிண்டைப் பார்த்துச் சொல்பவரும் வாங்குபவரும் ஒரே தரப்பினராக இருக்கையில், விற்பவரின் உள்ளத்தில் ஐயம் எழாதிருக்குமா? விவசாயிகள் நெடுநாளாக இதுபற்றி முறையிட்டு வருகின்றனர். எந்த ஆலையையும் குற்றஞ்சாட்டுவது எம் நோக்கமன்று. நேர்மையாளர் கையிலுள்ள தராசாயினும், எதிரே நிற்பவருக்கும் அதன் முள் தெரியவேண்டும் என்பதே எம் கருத்து.

கல்வராயன் மலைமக்களுக்கு இது மேலும் பொருந்தும். 1976ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை அது. தலைமுறை தலைமுறையாகப் பிறர் சொன்ன கணக்கைக் கேட்டுத் தலையசைத்தவர்கள், 'எங்கே, நானும் பார்க்கிறேன்' என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்!

இதற்கு நேர்மாறான ஒரு புதுமையையும் நாம் கண்டோம். 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் தென்பட்ட ஒருவகை மாவுப்பூச்சி, மரவள்ளித் தோட்டங்களைச் சூறையாடியது. இதே பூச்சி முன்னர் ஆப்பிரிக்காவைப் பஞ்சத்தின் விளிம்பில் நிறுத்தியது. 1981ஆம் ஆண்டில் பராகுவே நாட்டில் அதன் இயற்கை எதிரியான சின்னஞ்சிறு குளவியொன்றைக் கண்டுபிடித்தனர். மாவுப்பூச்சியின் உடலினுள் முட்டையிட்டு அதனை அழிப்பது அக்குளவி. ஆப்பிரிக்காவில் அதனைப் பரப்பும் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995ஆம் ஆண்டில் உலக உணவுப் பரிசு பெற்றார். பெனின் நாட்டிலிருந்து தருவித்த அக்குளவிகளை 2022ஆம் ஆண்டில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளிவிட்டனர். குளவி பட்டா கேட்பதில்லை. பணக்காரன் தோட்டம், ஏழையின் தோட்டம் என்று பார்ப்பதுமில்லை. அதன் பயனை எவரும் தமக்கென்று பூட்டி வைக்க முடியவில்லை.

ஆகவே, ஒரு கருவி புதியதா பழையதா என்பதைவிட, அதன் பயன் யாரைச் சேர்கிறது, அதன் கணக்கை யார் பார்க்கலாம் என்பதே முதற்கேள்வி என எமக்குத் தோன்றுகிறது. கள்ளத் தராசை ஆமோஸ் இறைவாக்கினர் கடிந்துரைத்ததும் இதனாலன்றோ! நம் முன்னோர் சிங்கராயர் என்றழைத்த பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ, 1891ஆம் ஆண்டில் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையை வலியுறுத்தினார். செயற்கை நுண்ணறிவு கொண்டுவரும் மாற்றத்தை எண்ணியே அப்பெயரைத் தாம் ஏற்றதாக, 2025ஆம் ஆண்டு மே மாதம் திருத்தந்தை பதினான்காம் லியோ கர்தினால்மாரிடம் கூறினார். கருவி மாறியுள்ளது, கேள்வி மாறவில்லை.

கனடா நாட்டின் அன்டிகோனிஷ் பகுதியில், தந்தை மோசஸ் கோடி மீனவரையும் உழவரையும் சிறுசிறு படிப்பு வட்டங்களாகக் கூட்டினார். அவர்கள் முதலில் கற்றது தங்கள் சரக்கின் கணக்கை. பின்னரே கூட்டுறவுச் சங்கங்களை எழுப்பினர். நம் பங்குகளிலும் படித்த இளைஞர் பலர் உள்ளனர். பாயிண்டு கணக்கிடும் முறையை உழவருக்குக் கற்றுக்கொடுக்கலாம். கிழங்கைச் சோதித்துச் சொல்லும் பொதுவான இடம் வேண்டும் என ஊரோடு சேர்ந்து மனுக் கொடுக்கலாம். வாக்குக் கேட்டு வருவோரிடம் சாதியையும் கொடியையும் பேசுவதற்கு முன் இதைப் பற்றிக் கேட்கலாம். அரசியல் அழுக்கானது என்று விலகி நிற்பது எளிது. விலகி நிற்போரின் கிழங்கையும் யாரோ ஒருவர் நிறுத்துக்கொண்டுதான் இருப்பார். அயலானை நேசி என்னும் கட்டளை ஆலைவாசலிலும் செல்லும் கட்டளையே என்பதை உணர்ந்து செயற்படுவோமாக.