சுளகில் தொடங்கும் கல்வி: வெள்ளவத்தை, ஜூலை 2022

ஜூலை 4, திங்கள்

ஜூன் 27 நள்ளிரவு முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து கொழும்பில் பாடசாலைகள் மூடிக் கிடக்கின்றன. காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் நடுவே அடுக்கடுக்காக எழுந்து நிற்கும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில், நான்கு வயதுப் பிள்ளைகளின் கல்வி முழுவதும் வீட்டாரின் கைக்கு வந்திருக்கிறது. இலங்கையில் கட்டாயக் கல்வி ஐந்து வயதில்தான் தொடங்குவதால், அதற்கு முந்திய பருவத்தை வீட்டிலேயே கழிப்பதற்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஆயினும் வீட்டுவழிக் கல்வி என்பதை, முன்பள்ளியின் நேரசூசியை அப்படியே சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவது என்றே பல பெற்றோர் விளங்கிக்கொள்கின்றனர். புள்ளியிட்ட எழுத்தின்மேல் பென்சிலால் இழுக்கச் சொல்லும் பயிற்சித்தாள்கள் கட்டுக்கட்டாக அச்சிடப்படுகின்றன; அவற்றைக் கண்ட பிள்ளை சிறிது நேரத்திலேயே மேசையை விட்டு இறங்கிவிடுகிறது. அது பிள்ளையின் குறையன்று.

ஜூலை 6, புதன்

இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கியிருந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இன்று கொழும்பில் எந்த முன்பள்ளியையும் ‘மொண்டிசோரி’ என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது, ஆனால் அவர் முதன்மை கொடுத்த ‘அன்றாட வாழ்க்கைப் பயிற்சி’, அதாவது ஊற்றுதல், அள்ளுதல், துடைத்தல், வகைபிரித்தல் போன்ற வீட்டு வேலைகளைப் பிள்ளை தன் கையாலேயே செய்து பழகுதல், அந்தப் பெயரைத் தாங்கிய பல இடங்களில் அருகிவிட்டது. வீட்டில் அதற்கு வேண்டிய யாவும் உண்டு. பயறு, மைசூர்ப் பருப்பு, கௌபி மூன்றையும் ஒரு சுளகில் கலந்து கொட்டி, மூன்று சிரட்டைகளில் பிரித்துப் போடும்படி பிள்ளையிடம் கொடுத்தால், முதலில் கை நிறைய அள்ளிப் போடுகிறது. பிறகு கலந்துவிட்டதைக் கண்டு, பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் கூட ஒவ்வொரு மணியாகக் கிள்ளி எடுக்கிறது. பின்னாளில் பென்சிலைப் பிடிக்கப்போவதும் இந்த மூன்று விரல்களே. தவறு எங்கே நேர்ந்தது என்பதைச் சிரட்டையிலுள்ள நிறமே காட்டிக்கொடுப்பதால் பெரியவர் திருத்த வேண்டியதில்லை. கற்றற் கருவியே பிழையைக் காட்டும் இந்த இயல்பை மொண்டிசோரி மிகவும் வலியுறுத்தினார். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகள் மணிகளை வாயில் போடக்கூடும் என்பதால் அருகில் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். குன்றிமணியைக் கொடுக்கவே கூடாது. அதன் விதை உடைந்து வயிற்றுக்குள் போனால் கொடிய நஞ்சு.

ஜூலை 9, சனி

போராட்டத்தால் நகரம் கொந்தளித்த நாள். பாடம் எதுவும் இல்லை. அம்மம்மாவின் மடியில் கதை மட்டுமே. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது பிடிவாதம் அன்று. அடுத்து வரப்போவது என்ன என்பதைத் தானே முன்கூட்டிச் சொல்லிப் பார்ப்பதில்தான் மொழியின் ஒழுங்கு பிள்ளையின் மனத்தில் படிகிறது.

ஜூலை 12, செவ்வாய்

எழுத்துக்கு முன் ஒலி என்பதே சரியான வரிசை. ‘ம’ என்ற ஒலியில் தொடங்கும் பொருள்களை அறைக்குள் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டு நன்கு பழகிய பிறகே அந்த எழுத்தின் வடிவத்தைக் காட்டுவது பொருத்தம். வடிவம் வரும்போதும் அகரவரிசையைப் பிடித்துக்கொண்டு தொடங்கவேண்டிய கட்டாயமில்லை. அ, இ ஆகியவற்றின் சுழிகள் சிறு கைக்கு மிகவும் கடினமானவை. ட, ப என்பன நேர்கோடுகளால் ஆனவை என்பதால் எளிதில் வசப்படுகின்றன. தச்சர் பயன்படுத்தும் மணற்கடதாசியில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டி, அதன்மேல் இரு விரல்களை ஓடவிடுவது மொண்டிசோரி வகுத்த முறை. விசயதசமியில் ஏடு தொடக்கும்போது தட்டிலுள்ள பச்சையரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவிக்கும் நம் வழக்கமும் விரல்நுனியின் தொடுகையிலேயே எழுத்தைத் தொடங்கிவைக்கிறது. அதை ஒரு நாட் சடங்கோடு நிறுத்திவிட்டு மறுநாளே பென்சிலைத் திணிப்பது பெரும் இழப்பு.

ஜூலை 17, ஞாயிறு

ஆடிப்பிறப்பு. நவாலியூர் சோமசுந்தரப்புலவர் (1878–1953) இந்நாளைப் பற்றிக் குழந்தைகளுக்காக இயற்றிய பாடல் கூழையும் கொழுக்கட்டையையும் நாவில் ஊற வைப்பது. யாழ்ப்பாணத்தை ஒருமுறையும் பார்த்திராத வெள்ளவத்தைப் பிள்ளைக்கும் அது ஊரைக் காட்டிவிடுகிறது. மாவைக் குழைத்து, உள்ளே பயறும் சர்க்கரையும் வைத்து, ஓரத்தைப் பல்லுப் பல்லாகக் கிள்ளி மூடும் வேலையில் அளவு, வடிவம், பொறுமை மூன்றும் அடங்கியிருக்க, பாடலின் சந்தம் அந்த வேலைக்குத் தாளமாகிறது. கடையில் விற்கும் வண்ணக் களிமண்ணைக் காட்டிலும் இது மேலானது, ஏனெனில் செய்து முடித்ததை வீட்டார் எல்லோரும் உண்கிறார்கள்.

ஜூலை 21, வியாழன்

கொட்டாஞ்சேனையின் நெரிசலான ஒழுங்கைகளில் வளரும் பிள்ளைக்கு விளையாட முற்றம் இல்லை என்று வருந்துவோர், பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை நினைக்கலாம். பொன். இராமநாதன் கருங்கல்லால் புதுப்பித்த அக்கோயிலின் தூண்கள் தொட்டுப் பார்க்கவும் எண்ணிப் பழகவும் ஏற்றவை. காலை வேளையில் கல் குளிர்ந்திருப்பதையும் வெயிலேறியதும் வெளிப்படி சுடுவதையும் உள்ளங்காலே கற்றுக்கொடுக்கிறது.

மாலையில் மின்வெட்டு. திரையில் படிக்கும் நூல்களுக்கு அது பெரிய தடையாயினும், 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்திலும், 2015இல் பிரதம் புக்ஸ் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலும் தமிழ்ச் சிறுவர் நூல்கள் இலவசமாகக் கிடைப்பதால், மின்சாரம் இருக்கும்போது சிலவற்றைப் பெரியவர் படித்து மனத்தில் வைத்துக்கொண்டு இருளில் சொல்லலாம். திரையைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவது வாசிப்பு ஆகாது.

ஜூலை 25, திங்கள்

பாடசாலைகள் இன்று திறந்தன, எனினும் வாரத்தில் மூன்று நாட்களுக்கு மட்டுமே. வாகனத்தின் இலக்கத்தகட்டில் உள்ள கடைசி எண்ணைப் பொறுத்தே எரிபொருள் கிடைக்கும் நாள் என்ற ஒழுங்கு பேச்சாகிவிட்டதால், காலி வீதியோரம் வரிசையில் நிற்கும் முச்சக்கரவண்டிகளின் கடைசி எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடக்கும் பிள்ளை, பயிற்சித்தாளில் பிடிபடாத ஆறையும் ஒன்பதையும் வேறுபடுத்திக் காண்கிறது. இலக்கங்கள் எதற்காக இருக்கின்றன என்பது அதற்கு விளங்கியிருக்கிறது.

முன்பள்ளிகள் வழமைக்குத் திரும்பிய பிறகும் இச்செயல்களைக் கைவிடவேண்டாம் என்பதே வெள்ளவத்தைப் பெற்றோரிடம் வைக்கவேண்டிய வேண்டுகோள். 1942இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் 57ஆம் ஒழுங்கையில், பலருக்கு நடந்தே போகக்கூடிய தொலைவில் இருக்கிறது. அடுத்தமுறை அங்கே போகும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள்.