ஈரலுக்குள் ஊசிக்கு வழிகாட்டும் ஒலி

அல்ட்ராசவுண்ட் ஸ்கான் என்றதும் கருவிலிருக்கும் குழந்தையே எம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். எமது விஞ்ஞானப் பாடநூல்கள் அந்த ஒலியைக் 'கழியொலி' என்கின்றன. தமிழகத்தில் 'மீயொலி' என்கிறார்கள். ஆசிரியர் பீடத்தில் இவற்றில் எதைப் பயன்படுத்துவது என்று நாம் விவாதித்து முடிப்பதற்குள் வாசகர்கள் 'ஸ்கான்' என்ற சொல்லோடு போய்விட்டார்கள். மனிதச் செவிக்கு எட்டாத அந்த ஒலி, ஈரலில் தோன்றும் புற்றுநோய்க் கட்டியைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. வயிற்றைத் திறக்காமலே அக்கட்டியை அழிக்கச் செல்லும் ஊசிக்கு வழியும் காட்டுகிறது. என்னோடு நீண்டகாலம் பணியாற்றிய ஒப்புநோக்காளர் ஒருவருக்கு அந்தச் சிகிச்சை செய்யப்பட்டபோதுதான் நான் இதுபற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மருத்துவத்துக்கு வருவதற்கு முன்னர் இந்த ஒலி தொழிற்சாலைகளில் உருக்கைப் பரிசோதித்துக்கொண்டிருந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர் இயன் டொனால்ட், 1955 இல், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃபுரூவிலிருந்த கொதிகலன் தொழிற்சாலை ஒன்றுக்குப் போனார். உலோகத்தினுள்ளே வெடிப்பு உண்டா என்று பார்க்கும் கருவியை அக்கட்டிகளின் மீது வைத்துப் பார்த்தார். ஒப்பிடுவதற்கு ஒரு துண்டு மாட்டிறைச்சியும் இருந்தது. திண்மக் கட்டியும் நீர்க்கட்டியும் வெவ்வேறு விதமாக எதிரொலித்தன. அவரும் சகாக்களும் 1958 இல் 'லான்செட்' சஞ்சிகையில் கட்டுரை வெளியிட்டனர். தீராத இரைப்பைப் புற்றுநோய் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்தது, அகற்றக்கூடிய சூலக நீர்க்கட்டிதான் என்று காட்டிக்கொடுத்தது அந்தக் கருவியே.

ஈரல் கட்டிக்கு ஊசி வழியே சிகிச்சை செய்யும் முறை 1980களில் யப்பானிலும் இத்தாலியிலும் வளர்ந்தது. மிலான் நகருக்கு அண்மையிலுள்ள விமெர்காத்தேயில் பணியாற்றிய டிட்டோ லிவ்ராகி இதில் முன்னோடிகளுள் ஒருவர். ஸ்கான் திரையைப் பார்த்தபடி மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, தூய மதுசாரத்தை ஏற்றினார்கள். எத்தனையோ ஈரல்களைக் கெடுத்த மதுசாரம், ஈரலின் கட்டியைக் கொல்லவும் பயன்பட்டது! 1990 இல் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் இரு குழுக்கள், ஊசிமுனையில் மின்னோட்டத்தால் வெப்பத்தை உண்டாக்கி ஈரல் இழையத்தைச் சுட முடியும் எனத் தனித்தனியே அறிவித்தன. பின்னர் நுண்ணலையும் வந்து சேர்ந்தது. இன்று வெப்பமே முதன்மையான முறை.

எனது நண்பர் வாழ்நாளில் மதுவைத் தொட்டவரல்லர். நீரிழிவு மட்டும் இருந்தது. 'குடிக்காதவனுக்கு எப்படி ஈரல் வருத்தம்?' என்று உறவினர்கள் கேட்டார்கள். சிலர் கேட்காமலே சந்தேகித்தார்கள். நோயைவிட அந்தச் சந்தேகமே அவரை அதிகம் வருத்தியது. றாகமவில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வொன்றில், வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மதுவோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் இருப்பதாகக் கண்டார்கள். அவர்களும் அதனை அல்ட்ராசவுண்ட் கருவியாலேயே கண்டறிந்தார்கள். கொழுப்பு ஈரல் எல்லோருக்கும் புற்றுநோயாவதில்லை. ஆனால் சிலரது ஈரல் காலப்போக்கில் தழும்பேறி, சிரோசிஸ் என்ற நிலைக்கு இறுகுகிறது. பெரும்பாலும் அந்த நிலத்தில்தான் கட்டி முளைக்கிறது.

நண்பரின் கட்டி இரண்டு சென்ரிமீற்றரைச் சற்றுத் தாண்டியிருந்தது. விறைப்பூசியும் உறக்க மருந்தும் கொடுத்திருந்தபோதிலும் அவருக்கு நினைவு இருந்தது. "மூச்சை இழுங்கள், பிடியுங்கள்" என்று வைத்தியர் சொன்னதை மட்டும் அவர் பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். காரணம் எளிது. ஈரல் பிரிமென்றகட்டின் கீழே இருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது மேலும் கீழுமாக நகர்கிறது. அசையும் இலக்கில் ஊசியை வைக்கவேண்டுமானால் நோயாளியின் மூச்சும் வைத்தியரின் கையும் ஒத்துழைக்கவேண்டும். சீ.ரி. ஸ்கானின் படம் கூர்மையானதுதான். ஆயினும் கதிரியக்கம் எதுவுமின்றி, நகரும் ஊசியை நகரும்போதே தொடர்ந்து காட்டுவதில் அல்ட்ராசவுண்டே வசதியானது. குருதிக் குழாய்களையும் பித்தப்பையையும் தவிர்த்து, விலா என்புகளுக்கிடையே பாதையைத் தெரிவு செய்வதற்கு இதுவே துணை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டியதும் கலங்கள் உடனடியாக மடிகின்றன. அதே வேளையில் சூடேறிய இழையத்தில் எழும் வாயுக் குமிழிகள் ஒலியைத் திருப்பியடித்து, திரையில் வெண்புகை போலப் பரவி, கட்டியையே மறைத்துவிடுகின்றன. வழிகாட்டிய விளக்கு வேலை தொடங்கியதும் மங்கிவிடுகிறது! ஆகவே கட்டியைச் சுற்றி எவ்வளவு நல்ல இழையத்தையும் சேர்த்து எரிப்பது, ஊசியை எங்கே நிறுத்துவது என்பவற்றை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளவேண்டும். சுவாசப்பையின் காற்று மறைக்கும் ஈரலின் மேற்பகுதி இன்னொரு சிக்கல். அங்கே வயிற்றினுள்ளோ நெஞ்சறையினுள்ளோ திரவத்தை ஏற்றி, ஒலி புகுவதற்கு ஒரு சாளரம் திறக்கும் உபாயத்தை யப்பானிய வைத்தியர்கள் கையாண்டிருக்கிறார்கள். கட்டி பெரிய குருதிக் குழாயை ஒட்டியிருந்தால், ஓடும் குருதி வெப்பத்தை அள்ளிச் சென்றுவிடும். கட்டியின் ஓரம் தப்பிவிடலாம்.

அளவுதான் எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. மூன்று சென்ரிமீற்றர் வரையான கட்டிகளிலேயே இந்த ஊசி நன்கு பலனளிக்கிறது. வலி வந்த பிறகு, மஞ்சட்காமாலை வந்த பிறகு ஸ்கான் எடுக்கப் போகிறவரின் கட்டி பெரும்பாலும் அந்த எல்லையைக் கடந்திருக்கும். எனக்குத் தெரிந்த இன்னொருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. அவருக்கு எந்த ஊசியும் பயன்படவில்லை. சிரோசிஸ் உள்ளவர்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கான் செய்துகொள்ளவேண்டும் என்று மருத்துவ வழிகாட்டிகள் வலியுறுத்துவது இதனாலேயே. என் நண்பரின் கட்டி அகப்பட்டதும் அத்தகைய ஒரு வழக்கமான ஸ்கானில்தான்.

2023 ஒக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம் ஹிஸ்டோட்ரிப்சி என்ற முறைக்கு ஈரல் கட்டிகளின் விடயத்தில் அனுமதி வழங்கியது. அங்கே ஊசியே இல்லை. உடலுக்கு வெளியிலிருந்து குவிக்கப்படும் ஒலி, நுண்குமிழிகளை உண்டாக்கிக் கட்டியைச் சிதைக்கிறது. வழிகாட்டுவதும் ஒலி, அழிப்பதும் ஒலி. செய்தியாக இதற்குக் கவர்ச்சி அதிகம். எனினும் கட்டியை முதலில் யாராவது கண்டாகவேண்டுமே. அங்கேதான் எம்மவருக்கு ஒரு தொல்லை. ஈரலில் படிந்த கொழுப்பும் வயிற்றின் பருமனும் ஒலி ஆழமாகப் போகவிடாமல் படத்தை மங்கச் செய்கின்றன. ஸ்கான் அறிக்கையில் 'தெளிவாகத் தெரியவில்லை' என்றொரு வரி இருந்தால், அதை மடித்து வைக்காமல் சீ.ரி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.