கை கொடுக்கிற ஊர்

மலாவியில் பெரியவர்களுக்குக் கை கொடுத்தால், நீட்டின வலது கையை இடது கையால் தாங்கிக்கொள்வார்கள். அது மரியாதை. கிராமத்து மிஷன் கிளினிக் ஒன்றுக்குத் தன்னார்வச் சுகாதார ஊழியராகப் போன எனக்கும் அப்படித்தான் கை தந்தார்கள். நான் சின்னப்பிள்ளையாக இருந்தப்போ எங்க சேரிக்கு வந்த நர்சம்மா மாத்திரையை மேலேயிருந்து போடுவாங்க, நாங்க ஏந்திக்கணும்.

எடை பார்க்கிற நாளில் தராசை மரக்கிளையில் தொங்கவிட்டிருந்தோம். சிட்டெஞ்சே துணியால் முதுகில் கட்டியிருந்த பிள்ளையை அவிழ்த்து என் கையிலேயே தந்தார்கள் தாய்மார்கள். நீ எந்தத் தெரு என்று ஒருத்தரும் கேட்கலை. மழைக்காலம், மலேரியாக் காய்ச்சல். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் கால்மணி நேரத்தில் தெரிந்துவிடும். உலகின் முதல் மலேரியாத் தடுப்பூசியைப் பிள்ளைகளுக்குப் போடும் முன்னோட்டத் திட்டம் 2019-இல் தொடங்கியதும் இந்த நாட்டில்தான்.

சொர்க்கம்னு நினைச்சிடாதீங்க. அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். மிஷனில் பல வைத்தியத்துக்குக் காசு. கொதிக்கிற பிள்ளையோடு வந்த ஒருத்தி, காசில்லாமல் அரசு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தாள். தூரம் அதிகம். கட்டணம் வைக்கிற கூட்டத்தில் இவளைப்போல யாராவது உட்கார்ந்திருக்காங்களா என்று பொறுப்பாளரைக் கேட்டேன். அவர் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.