கன்னத்துள் ஒரு வெற்றறை

மனிதனுடைய மேற்றாடை என்பு முழுவதும் திண்மையானதன்று. மூக்கின் இருமருங்கிலும், கன்னங்களின் உள்ளே, காற்று நிறைந்த அறை ஒவ்வொன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் லியனார்டோ டா வின்சி வரைந்த மண்டையோட்டுச் சித்திரங்களில் அது காணப்படுகின்றது. 1651இல் ஆங்கில வைத்தியர் நத்தானியல் ஹைமோர் அதனை விவரித்து எழுதியமையால் நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிற்று. நம்மவர் பீனிசம் என்று சொல்லி வேது பிடிப்பது பெரும்பாலும் இத்தகைய அறைகளின் அழற்சிக்கே. அவ்வறையின் வாயில் அடித்தளத்தில் இல்லை. உட்சுவரின் மேற்பகுதியில் இருக்கின்றது. ஆகவே உள்ளே ஊறும் சளியை நுண்மயிர்கள் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்ற வேண்டியுள்ளது. நான்கு காலால் நடக்கும் விலங்குக்கு இவ்வமைப்புப் பொருந்தலாம். நிமிர்ந்து நடப்பவனுக்கு இது வசதியான ஏற்பாடு என்று சொல்வதற்கில்லை.

என் வலப்பக்க மேற்கடைவாய்ப் பற்கள் இரண்டும் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. பல் போன இடத்தில் என்பு தேயும். மேலிருக்கும் காற்றறையும் மெல்லக் கீழிறங்கும். கதிர்ப்படத்தில் எனக்கு எஞ்சியிருந்த என்பின் உயரம் 3 மில்லிமீற்றர். தைத்தேனியத்தாலான செயற்கை வேர் நிலைகொள்ள அது போதாது. கழற்றி மாட்டும் பற்தட்டு ஒன்றே போதுமே என்று வீட்டில் கூறினர். அத்தட்டு அண்ணத்தை மூடியது. நாவை மேலே வளைத்தெடுக்கும் ழகரமும் ளகரமும் அதனால் குழம்பின. தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது சிறு குறையன்று.

எனவே அறையின் தளத்தை உயர்த்தி என்பு ஒட்டும் சத்திரசிகிச்சைக்கு உடன்பட்டேன். 1970களில் அமெரிக்கரான ஹில்ட் டேட்டம் வகுத்து, 1980இல் பொயின், ஜேம்ஸ் என்னும் இருவர் ஏட்டில் வெளியிட்ட முறை இது. கன்னப்பக்க என்பில் ஒரு சிறு சாளரம் திறந்து, அறையின் உட்புறத்தை மூடியிருக்கும் சவ்வைக் கிழியாமல் உரித்து உயர்த்தி, அதன் கீழே என்புத் துணிக்கைகளை நிரப்புவர். சவ்வின் தடிப்போ பெரும்பாலும் 1 மில்லிமீற்றரிலும் குறைவு. முட்டையோட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் தோலை உரித்துப் பார்த்தவர்க்கு இவ்வேலையின் நுண்மை விளங்கும்.

நிரப்பும் துணிக்கை எதனுடையது என்று கேட்டேன். மாட்டென்பு என்றார் வைத்தியர். வாயில் மச்சம் படாத வீட்டிற் பிறந்தவன் நான். அதனைச் சொன்னதும் அவர் முகஞ்சுளிக்காமல் செயற்கைத் துணிக்கைகளும் உண்டு என்றார். கேளாதிருந்தால் சொல்லியிருப்பாரோ என்ற ஐயம் எனக்கு இன்னும் உண்டு. நோயாளி கையொப்பமிடும் தாளில் இது முதல் வரியாக இருத்தல் வேண்டும்.

சவ்வு கிழிந்தது. இச்சிகிச்சையின் சிக்கல்களுள் மிகுதியாக நேர்வது இதுவே. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நேர்வதாக ஆய்வுகள் பல கூறுகின்றன. அறையின் உள்ளே சிலருக்கு மதில்போல எழும் என்புத் தடுப்புகள் அதற்கு ஒரு காரணம். எனக்கும் ஒன்று இருந்தது. சிறு கிழிசலாயின் கொலாஜன் படலத்தால் மூடித் தொடர்வர். என்னுடையது பெரிது. துணிக்கை அதனூடே அறைக்குள் சிதறினால் வாயில் அடைபட்டுச் சீழ் பிடிக்கும். ஒட்டு முழுவதையும் எடுத்தெறிய நேரிடும். வைத்தியர் ஒன்றும் நிரப்பாமலே தையலிட்டு மூடினார். அரைமணி நேரம் வாய் பிளந்து கிடந்து வெறுங்கையோடு எழுந்த ஆத்திரம் எனக்கு இருந்தது. ஆயினும் அவர் நிறுத்தியதே சிகிச்சையின் மிகச் சிறந்த பகுதி என்பது என் துணிபு. கிழிசலை மறைத்து நிரப்பியிருந்தால் அன்று நான் அறிந்திருக்கவே மாட்டேன்.

அடுத்த இரு வாரமும் மூக்குச் சிந்தலாகாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்மவேண்டும் என்பது கட்டளை. வாயைப் பொத்தித் தும்மு என்று பேரனை அதட்டிக்கொண்டிருந்த என் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூக்கினின்று இரத்தம் கசிந்தது இரண்டு நாள்; கன்னவீக்கம் ஒரு வாரம்.

நான்கு மாதம் கழித்து, சவ்வு ஆறியபின், மீண்டும் அதே நாற்காலியில் அமர்ந்தேன். இம்முறை தடுப்பின் இருபக்கமும் இரண்டு சாளரங்கள் திறந்தார். சவ்வு தாங்கிற்று, துணிக்கை நிரம்பிற்று. அது என்பாக இறுக ஆறு மாதமளவில் வேண்டும். வேர் ஊன்றலாமா என்பதைத் தையில் எடுக்கும் படம் சொல்லும். அதுவரை வலப்பக்கத்தால் மெல்லாமல், தட்டும் இல்லாமல், விரிவுரைக்குப் போய் வருகின்றேன்.