சிவப்பு முத்திரை

பழைய நோட்டு சேர்ப்பவர்களிடம் ஜெர்மனியின் ஆயிரம் மார்க் நோட்டு ஒன்றாவது இருக்கும். அத்தனை மலிவு. நான் வாங்கியது ஒரு நாணயக் கண்காட்சியில். பழுப்பு மை, பின்பக்கம் உழவுக்கு ஒரு பெண், கப்பலோட்டத்துக்கு ஒரு பெண். முன்பக்கம் வெறும் எழுத்தும் கையெழுத்துகளும் முத்திரைகளும்தான். கொண்டுவருபவர் யார் என்று விசாரிக்காமல் பெர்லினில் மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்க் ஆயிரம் மார்க் கொடுக்குமாம். தேதி 21 ஏப்ரல் 1910.

அன்றைக்கு அது சும்மா சொன்ன வாக்கு அல்ல. ஆயிரம் மார்க் என்றால் 358 கிராம் சுத்தத் தங்கம், நம் கணக்கில் 45 சவரனுக்குச் சற்றே குறைவு. ஒரு தொழிலாளியின் ஓராண்டுக் கூலி ஏறத்தாழ அவ்வளவுதான்.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. நோட்டுக்குத் தங்கம் கொடுப்பது நின்றது. அச்சு நிற்கவில்லை. தேதியைக்கூட மாற்றவில்லை, 1922-இல் அச்சானதிலும் அதே 1910தான். கண்ணுக்குப் பட்ட வித்தியாசம் முத்திரையின் நிறம்: பழைய அச்சில் சிவப்பு, போருக்குப் பிந்தையதில் பச்சை.

1923 நவம்பரில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க்கில் போய் நின்றது. அடுத்த ஆண்டு ரைக்ஸ்மார்க் வந்தபோது, லட்சம் கோடி பழைய மார்க்குக்குப் புதியது ஒன்று என்றார்கள். அதாவது இந்த ஆயிரம் மார்க் நோட்டுகள் நூறு கோடி சேர்ந்தால் ஒரே ஒரு ரைக்ஸ்மார்க். சுமந்து போகச் சரக்கு ரயில் வேண்டும்.

ஆனாலும் பலர் சிவப்பு முத்திரை நோட்டை எறியவில்லை. பச்சைதான் காகிதம், சிவப்பு தங்கப் பணம், அரசு ஒருநாள் முழு மதிப்பும் தரும் என்று நம்பினார்கள். வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். குஸ்டாவ் வின்டர் என்பவர் இந்த நம்பிக்கையை வைத்தே அரசியல் நடத்தினார். 1932 குடியரசுத் தலைவர் தேர்தலில், ஹிண்டன்பர்க்கும் ஹிட்லரும் நின்ற அதே முதல் சுற்றில், அவருக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் வாக்கு விழுந்தது.

பேதைகள் என்று அவர்களைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. புதுக் கடனைப் பழைய தேதியில் எழுதிக் கொடுத்தது அரசு. தேதியை நம்ப முடியாதவர்கள் நிறத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

என் நோட்டில் இருப்பது பச்சை. கடைக்காரரிடம் சிவப்பும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே விலை சொன்னார்.